பத்துத் தப்பின் ஓசை

நமுனுகுல மலையின் சரிவில், பசறைப் பாதையிலிருந்து விலகி உள்ளொதுங்கிக் கிடக்கும் ஒரு தோட்டத்திலே 2014ஆம் ஆண்டின் ஆடித் திருவிழாவன்று ஒரு முதியவர் குறையொன்று சொன்னார். கரகம் பாலிக்கப்பட்டு வந்துகொண்டிருந்தது. தீ மூட்டித் தோலைக் காய்ச்சி முறுக்கேற்றிய நான்கு தப்புகளோடு இளைஞர்கள் முன்னே ஆடி வந்தனர். கோயில் வாசலில் நின்ற முதியவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பயலுகளுக்குக் கையில வலுவே இல்ல. எங்க காலத்துல அடிச்சா ஆத்துக்கு அந்தாண்ட லயத்துல நிக்கிறவனுக்கும் ஒடம்பு சிலிர்க்கும்."

கேட்டவர்கள் சிரித்தனர். பழைய காலத்தைப் புகழ்வது முதுமையின் உரிமையெனக் கருதி அப்பால் நகர்ந்தனர். ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் பேத்தி ஒருத்தி மாத்திரம் நகரவில்லை. அவள் சொன்னாள்: "தாத்தா, பக்கத்துல நிக்கிறவங்க எல்லாம் காதைப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க."

முதியவர் திரும்பிப் பார்த்தார். அவள் சொன்னது உண்மையாகவே இருந்தது.

தோட்டத்து வாழ்விலே தப்பு வெறும் இசைக்கருவியன்று. பொழுது புலருமுன் லயங்களைத் துயிலெழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது அதுவே. காமன் கூத்தை ஆட்டுவித்ததும், இறந்தவரைச் சுடலைவரை வழிநடத்தியதும் அதுவே. அடிக்கும் முறையிலுள்ள வேற்றுமையைக் கொண்டே, வந்தது வேலையா, விழாவா, சாவா என்பதைக் காம்பிராவுக்குள் படுத்திருப்பவர்கள் அறிந்துகொண்டனர். பிற்காலத்தில் ஆலைச் சங்கு அதன் காலைப் பணியைப் பெரிதும் எடுத்துக்கொண்டதாயினும், மலைநாட்டுத் தமிழரின் செவி தப்பினாற் பழக்கப்பட்ட செவியே எனலாம்.

அத்தகைய செவிகளுள்ளும் இம்முதியவரின் செவி தனித்த மதிப்புப் பெற்றிருந்தது. தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட 1975ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தோட்டத்து மக்கள் அதனை 'ஸ்டோர்' என்பர். அங்கே கொழுந்து அரைக்கும் இயந்திரங்களின் பக்கத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் அவர் நின்றார். பட்டி நழுவுவதையும், உருளையில் இலை அளவுக்கு மிஞ்சி விழுந்திருப்பதையும் கண்ணாற் காணுமுன் காதால் அறிந்து சொல்வார். டீமேக்கர் ஐயாவும் அவரைக் கேட்டே இயந்திரத்தை நிறுத்துவதுண்டு. வீட்டிலும் அவ்வாறே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் லயத்துக்கு மேலே ஓடும் ஓடையின் இரைச்சல் மாறினால் முதலில் எழுந்து கதவைத் திறப்பவர் அவர்தான். "அவரு தூங்குறாருன்னா ஒண்ணுமில்ல, நீயும் தூங்கு" என்பது அந்த லயத்தில் ஒரு பழமொழி போலாயிற்று.

அந்தச் செவிதான் நான்கு தப்புகளின் முன்னே நின்று, ஓசை போதவில்லை என்றது.

ஓசையின் உரப்பிலே எவ்வளவு சிறிய வேறுபாட்டை மனிதச் செவி கண்டறியக்கூடும் என்பது பழையதொரு வினா. அதன் விடை செவியிலன்றி, முதலிற் கைகளிலேதான் கிடைத்தது. ஜேர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் கற்பித்த ஏர்ன்ஸ்ட் ஹைன்றிக் வேபர் என்பார், எடைகளைத் தூக்கிப் பார்ப்பவர்கள் எவ்வளவு வேற்றுமையை உணர்கின்றனர் என்று ஆராய்ந்து 1834இல் வெளியிட்டார். உணரப்படுவது கூட்டப்பட்ட எடை அன்று, முன்னிருந்த எடையோடு அது கொண்டுள்ள விகிதமே என்பது அவர் கண்ட உண்மை. தூக்கிப் பார்க்கும் எடைக்கு அவ்விகிதம் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு.

இதனைப் புரிந்துகொள்ள லைப்சிக் வரை செல்ல வேண்டியதில்லை. வெறுங்கூடையில் அரைக் கிலோ கொழுந்து விழுந்தால் எந்தப் பெண்ணும் உடனே அறிவாள். இருபது கிலோ நிறைந்த கூடையில் அதே அரைக் கிலோ கூடினாலும் குறைந்தாலும் அறிவது அரிது. அதனாலேயே தராசுக்கு முன்னால் அவள் கண்ணை முள்ளின்மீது வைத்திருக்கிறாள். சாக்கின் எடையென்றும் ஈரத்தின் எடையென்றும் கழிக்கப்படும் கிலோக்கள் தோட்டங்களிலே தீராத வழக்காக இருந்து வந்திருப்பதற்கு ஒரு காரணம், அவை உடல் உணரும் எல்லையை ஒட்டியே கிடப்பதுதான். உடல் சாட்சி சொல்ல முடியாத இடத்தில் தராசு வைத்திருப்பவன் சொல்லே செல்லும்.

வேபரின் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குஸ்தாவ் பெக்னர் 1860இல் உளப்பௌதிகம் என்ற துறையைத் தொடக்கிய தமது நூலிலே இவ்விதியை விரித்தார். வெளியுலகின் தூண்டல் பெருக்கல் முறையில் வளர, உள்ளத்தின் உணர்வு கூட்டல் முறையிலேயே வளர்கின்றது என்றார். மடக்கை பயின்ற மாணவர் இவ்வுறவினை எளிதிற் கண்டுகொள்வர். செவி இவ்வாறு அமைந்திருப்பது இயற்கையின் கருணை என்றே சொல்ல வேண்டும். செவிக்கு எட்டும் மிக மெல்லிய ஒலிக்கும், வலியை உண்டாக்கும் பேரொலிக்கும் இடையே செறிவில் ஏறக்குறைய ஓர் இலட்சம் கோடி மடங்கு வேறுபாடு உண்டு. முன்னையதில் செவிப்பறையின் அசைவு ஓர் அணுவின் விட்டத்திலும் சிறியது. இத்துணை அகன்ற வெளியைச் சுருக்கிக் கொள்ளாவிடின் உள்ளம் அதனைத் தாங்காது. அச்சுருக்கத்தையே அளவாக்கி, தொலைபேசிப் பொறியியலாளர் 1920களில் டெசிபெல் என்னும் அலகை அமைத்தனர். பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றீஸ் என்பவர் 1928இல் வெளியிட்ட அளவீடுகளும், பின்வந்த பல சோதனைகளும் ஏறக்குறைய ஒரே முடிவைத் தந்தன. அமைதியான அறையில், நடுத்தர உரப்பில், உடனுக்குடன் ஒப்பிடும்போது, பழகிய செவி ஏறத்தாழ ஒரு டெசிபெல் வேறுபாட்டை உணரும். ஒலி மிக மெலிந்து கேட்கும் எல்லையை அணுகும்போது அவ்வளவு நுட்பம் வாய்ப்பதில்லை. பேரொலியில் அது இன்னும் சற்றுக் கூர்மையடைகின்றது. வேபரின் விதி செவியில் முழுமையாகப் பொருந்தாமல் நூலிழை பிசகுவது இவ்விடத்திலேதான்.

எண்களைத் தப்புக்கு மாற்றிப் பார்ப்பது பயனுடையது. ஒரு தப்போடு ஒத்த வலுவுடைய இன்னொன்று சேர்ந்தால் உயர்வது 3 டெசிபெல். அதனை எவரும் அறிவர். ஆயின் பத்துத் தப்புகள் முழங்கும் இடத்தில் பதினோராவது தப்பு சேர்ந்தால் உயர்வது அரை டெசிபெல்லிலும் குறைவு. அந்தப் பதினோராமவன் கை சிவக்க அடித்தாலும், கண்ணை மூடியிருப்பவருக்கு அவன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வேற்றுமை ஒரு டெசிபெல்லைத் தாண்டவேண்டுமாயின் மூவர் சேர வேண்டும். ஒரு தப்பின் உரப்பு இருமடங்காகச் செவிக்குத் தோன்ற வேண்டுமாயின் எத்தனை தப்பு வேண்டும்? ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஸ்ரீவன்ஸ் முதலியோரின் ஆய்வுகள் அதற்குத் தந்த விடை 10 டெசிபெல் என்பது, அதாவது பத்துத் தப்பு. பத்துப் பேர் சேர்ந்தடித்தும் ஒருவனின் இருமடங்கே கேட்கும் என்ற இக்கணக்கு, கூட்டமாய் நின்று குரல் கொடுத்துப் பழகிய மக்களுக்குச் சற்றுத் துயரம் தருவதே. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. விடியற்கால அமைதியில் ஒற்றைத் தப்பு மலை முழுவதையும் எழுப்பியதும் இதே விதியினாலேதான்.

இங்கு மறந்துவிடக்கூடாத ஒன்றுண்டு. மேற்சொன்ன ஒரு டெசிபெல் நுட்பம் இரண்டு ஒலிகளையும் அடுத்தடுத்துக் கேட்கும் செவிக்கே உரியது. இடையில் காலம் புகுந்துவிட்டால் ஒப்பிடும் வேலை செவியின் கையிலிருந்து நினைவின் கைக்கு மாறிவிடுகின்றது. நேற்றைய மழையின் இரைச்சலையும் இன்றைய மழையின் இரைச்சலையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க எவராலும் இயலாது. அவ்வாறாயின், ஒரு மனிதனின் கேள்விப்புலன் ஆண்டுக்கு ஒரு டெசிபெல் என்ற அளவிலே தேய்ந்து போகுமானால் அவன் அதனை எவ்வாறு அறிவான்? ஒரு நாளின் தேய்வு, உணரக்கூடிய மிகச் சிறிய வேறுபாட்டின் முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. முப்பது ஆண்டின் முடிவிலோ அது முப்பது டெசிபெல், செறிவிலே ஆயிரம் மடங்கு. ஒவ்வொரு படியும் புலப்படாதது, மாடியோ மிக உயரமானது. முதியவருக்கு நேர்ந்தது இதுவே.

ஸ்டோரின் உள்ளே நின்றவர்கள் அந்த ஓசையை அறிவர். கொழுந்து வாட்டும் தொட்டிகளின் கீழே விசிறிகள் இரவும் பகலும் இரைகின்றன. உருளைகள் சுழல்கின்றன, காயவைக்கும் இயந்திரம் உறுமுகின்றது, சல்லடைகள் அதிர்கின்றன. மலையகத் தமிழர் அச்சக்கரங்களுள் ஒரு தெய்வத்தைக் கண்டு, ரோதைமுனி எனப் பெயரிட்டு வழிபட்டு வந்தனர். கையை இழுத்துக்கொள்ளும் சக்கரத்துக்கு அஞ்சிப் படையல் வைத்தனர். ஆனால் அது கையை மட்டுமன்றிக் காதையும் காவு கொள்ளும் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. காதைப் பறிக்கும்போது இரத்தம் சிந்துவதில்லை, வலியும் இருப்பதில்லை.

நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட உட்காதிலே ஏறத்தாழ பதினைந்தாயிரம் மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியை நரம்பின் மொழிக்கு மாற்றுபவை அவை. மனிதரில் அவை ஒருமுறை மாண்டால் மீண்டும் முளைப்பதில்லை. எட்டு மணித்தியால வேலை நாளுக்கு 85 டெசிபெல்லை எல்லையாக வைத்து, அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்பது தொழிற்சுகாதாரத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட நெறி. 88 எனில் நான்கு மணி, 91 எனில் இரண்டு மணி. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தோமஸ் பார் என்ற மருத்துவர், கொதிகலன் செய்யும் தொழிலாளர், இரும்பு வார்ப்பவர், தபாற்காரர் ஆகியோரின் கேள்வியைக் கடிகாரத்தின் ஓசை கொண்டு சோதித்து ஒப்பிட்டு, 1886இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கொதிகலன் தொழிலாளரின் நிலையே மிக மோசமாக இருந்தது. செய்தி பழையது, அது மலைக்கு ஏறி வரத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

இரைச்சலாற் கெடும் காது முதலில் இழப்பது 4000 ஹேர்ட்ஸை அண்டிய மீடிறன்களை. பேச்சிலே உயிரொலிகளின் வலு தாழ்ந்த மீடிறன்களிலே தங்கியிருக்க, ச, ட, த, க போன்ற மெய்களின் கூர்மையோ உயர்ந்தவற்றிலே தங்கியிருக்கின்றது. ஆகவே குரல் கேட்கும், சொல் விளங்காது. வீட்டிலே முதியவர் 'பட்டு' என்பதைப் 'பத்து' என்று கொண்டதும், "மெதுவாப் பேசுனா எப்பிடி விளங்கும் புள்ள?" என்று சினந்ததும் இதனால்தான். தம் காது குறைந்தது என்று அவர் எண்ணவில்லை. உலகம் மெல்லப் பேசத் தொடங்கிவிட்டது என்றே எண்ணினார். பயல்களின் கையில் வலுவில்லை என்றதும் அதே எண்ணத்தின் பயனே.

இன்னொரு முரண்பாடும் அவரிடம் இருந்தது. குரலை உயர்த்திச் சொன்னால், "ஏன் இப்பிடிக் கத்துற?" என்று முகம் சுளிப்பார். மெல்லச் சொன்னால் கேட்காது, ஓங்கிச் சொன்னால் பொறுக்காது. இதனைப் பிடிவாதம் என்று மகன் கருதினான். உண்மையில் இது பழுதுற்ற உட்காதின் இயல்பு. மெல்லொலிகள் மறைந்துபோக, கேட்கத் தொடங்கும் எல்லைக்கு மேலே உரப்பு வழமையைவிட விரைவாக ஏறிப் பேரொலியாகின்றது. கேளாமைக்கும் வலிக்கும் இடைப்பட்ட நிலம் அவருக்கு ஓர் ஒற்றையடிப் பாதையாய்ச் சுருங்கிப் போயிருந்தது. அப்பாதையில் நடக்கத் தெரியாமல் வீட்டார் இருபுறமும் சறுக்கி விழுந்துகொண்டிருந்தனர். பல ஆண்டுகளின் மனத்தாங்கலுக்குப் பின்னால் இருந்தது சில ஆயிரம் மயிர்க்கலங்களின் மரணம் என்பதை அவர்கள் அறியவில்லை.

அறியச் செய்தது ஒரு பேரழிவு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், அதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. செய்தி வந்த அன்று மாவட்டத்தின் எல்லா லயங்களிலும் மக்கள் மேலே ஏறிட்டு மலையைப் பார்த்தனர். நமுனுகுலச் சரிவிலிருந்த அந்த லயத்திலும் பார்த்தனர். பிறகு வழமைபோல, "பெரியவரு இருக்காரு, சத்தம் மாறுனா சொல்லிருவாரு" என்றான் ஒருவன்.

முதியவர் ஒன்றும் பேசவில்லை. திருவிழாவன்று காதைப் பொத்தி நின்றவர்களை அவர் மறந்திருக்கவில்லை. அன்றிரவு மகனை அழைத்து, "என்னைய ஒரு தடவ டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

வைத்தியசாலையின் சிறிய அறையில் காதுகளுக்குக் கவசம் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் விரலை உயர்த்தச் சொன்னார்கள். அக்கருவியிலே ஒலி 5 டெசிபெல் படிகளாகவே ஏறி இறங்கும். மனிதரின் விடையை நம்பத்தக்க படி அவ்வளவே என்பதால். கண்ணாடிக்கு வெளியே நின்ற பேத்தி, கருவியின் விளக்கு எரிந்தும் தாத்தாவின் விரல் உயராத நேரங்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாள். வரைபடத்தில் கோடு 4000 ஹேர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்திருந்தது. இரு காதிலும் ஒரே பள்ளம். "எத்தன வருசம் ஸ்டோர்ல வேல செஞ்சீங்க ஐயா?" என்று மருத்துவர் கேட்டார். கேள்வியை மகன் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் முதியவர் கவலைப்பட்டது தப்பின் ஓசையைப் பற்றியன்று. "ரெண்டு மூணு வருசமா ஓடைச் சத்தம் மாறலன்னு நெனச்சு நல்லாத் தூங்கியிருக்கேன். என்னைய நம்பி எல்லாரும் தூங்கியிருக்காங்க" என்றார். பேருந்தில் எவரும் அதற்கு மறுமொழி சொல்லவில்லை.

ஆயின் குற்றம் அவர் காதில் மட்டும் இருந்ததா என்பதும் எண்ணத்தக்கது. அடைமழையின் இரைச்சலுக்குள் ஓடையின் ஓசை மூழ்கிவிடுகின்றது. பெரிய ஒலியொன்று சிறிய ஒலியை மறைப்பது செவியின் இயல்பு. நீர் மெல்ல மெல்லப் பெருகினால் இளைஞனின் செவியும் ஏமாறும். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியனவே மண்சரிவின் முன்னறிகுறிகள் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்துவதும், மழையை மில்லிமீற்றரில் அளந்து எச்சரிக்கை விடுப்பதும் இதனால்தான். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழித்திருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். கூடைக்குத் தராசு எதுவோ, மழைக்கு இது. புலன்கள் முடியும் இடத்தில் எண் தொடங்குகின்றது. அந்த எண் யார் கையில் இருக்கின்றது என்பதுதான் எஞ்சும் வினா.

அந்த லயத்தில் அது பேத்தியின் கைக்கு வந்தது. பக்கங்கள் நேராயிருக்கும் பால்மாப் பேணியொன்றை முற்றத்தில் மரக்கட்டையின்மீது பொருத்தினாள். பள்ளிக்கூட அடிமட்டமே அளவுகோல். நேரான பேணியில் நிற்கும் நீரின் ஆழமே பெய்த மழையின் அளவு, வாய் அகலமாயினும் குறுகலாயினும் ஒன்றே. காலையும் மாலையும் அளந்து, காம்பிராவின் கதவில் வெண்கட்டியால் எழுதிவைத்தாள். வீட்டாரும் ஒன்று பழகிக்கொண்டனர்: கத்துவதில்லை, முணுமுணுப்பதுமில்லை. முதியவரின் முன்னே வந்து, முகம் தெரிய நின்று, நிறுத்திச் சொல்வது. ஒற்றையடிப் பாதையில் நடக்க அவ்வளவே போதுமாயிருந்தது.

அடுத்த ஆண்டுக் கார்த்திகையில் ஒருநாள் பகல் முழுவதும் பெய்த மழை இரவிலும் ஓயவில்லை. பேத்தி டோர்ச் வெளிச்சத்தில் அளந்துவிட்டு நனைந்தபடியே வந்தாள்.

"எழுபது, தாத்தா."

"ஏழா, எழுபதா?"

அவள் கதவில் எழுதிக் காட்டினாள். முதியவர் எண்ணைக் கூர்ந்து பார்த்தார். தகரக் கூரையின்மேல் மழை இடிபோல் விழுந்துகொண்டிருக்க, அதன் முக்காற்பங்கும் அவருக்குக் கேளாமலிருக்க, அவர் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவண்டை வந்து அமர்ந்தார்.

"பக்கத்துக் காம்பிராவையெல்லாம் தட்டிச் சொல்லிட்டு வா. எவரும் தூங்க வேணாம். ஒரு மணி கழிச்சு இன்னொருக்கா அளந்து பாரு."

அவள் டோர்ச்சோடு மீண்டும் மழைக்குள் இறங்கினாள்.